சண்டை இரண்டு தடவை வந்த புத்தகம்

பள்ளிக்கூட நூலகத்தில் பசையம்மாவுக்கு ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே விளையாட்டு மைதானம். மேசைமேல் பசைக் கிண்ணம், நூல்கண்டு, ஊசி, பிளேடு, அப்புறம் அந்தத் திருகுப் பலகை. இரண்டு கனத்த பலகைக்கு நடுவே புத்தகத்தை வைத்து, மேலே உள்ள இரும்புத் திருகைச் சுற்றிச் சுற்றி அதை மூச்சுவிடாமல் இறுக்குகிற சாமான். முன்னே ஓர் அச்சாபீசில் பைண்டிங் பிரிவில் இருந்தவள். அச்சாபீசை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்; இவள் போகவில்லை. வரும்போது அந்தப் பலகையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வேலைக்குப் பெயர் நூலக உதவியாளர். செய்வதெல்லாம் கிழிந்ததை ஒட்டுவதும் அவிழ்ந்ததைத் தைப்பதும்தான். விரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை இருக்கும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர்தான் பசையம்மா. ஆபீசில் சம்பளம் போடுகிறவருக்கே அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று வாயில் வராது. அவளும் அதைப் பற்றி அலட்டிக்கொண்டதில்லை.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அவள் புத்தகமே படிக்க மாட்டாள். கையால் தொடாத புத்தகம் அந்த நூலகத்தில் இல்லை, ஒன்றையாவது முழுசாகப் படித்ததும் இல்லை. யாராவது கேட்டால், “துணி துவைக்கிறவங்க எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டா குடுக்குறாங்க?” என்று ஒரே போடு போட்டுவிட்டு ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவாள்.

ஆனால் படிக்காமலே ஒன்று தெரியும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் பற்றிய பழைய கதைப் புத்தகம் எது வந்தாலும், சண்டை எந்த இடத்தில் வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு காட்டிவிடுவாள். அங்கேதான் நூல் விட்டுப்போயிருக்கும். அங்கேதான் விரல் அழுக்கு, பென்சில் கிறுக்கல், எண்ணெய்க் கறை எல்லாம். எழுதினவர்கள் வேறு வேறு தேசம், வேறு வேறு காலம். பிள்ளைகள் முறுக்கிப் பிடித்து வாசித்த இடம் மட்டும் ஒன்றுதான்.

நூலகத்துக்குப் பொறுப்பாளர் லைப்ரரி சார். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒருநாள் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே அவர் இதற்கு விளக்கம் சொன்னார். அந்தக் காலத்து ஆட்கள் எல்லோரும் ஒரே சண்டையைத்தான் திருப்பித் திருப்பி எழுதி வைத்திருக்கிறார்களாம். புதிதாக ஒரு சின்னப் பையன் வருவான். பெரிய பையன் ஒருத்தன் சீண்டுவான். வாத்தியார் இல்லாத நேரமாகப் பார்த்து மற்ற பிள்ளைகள் வட்டம் கட்டுவார்கள். யாருக்காவது மூக்கில் ரத்தம் வரும். கடைசியில் ஒருத்தன் சமாதானத்துக்குக் கை நீட்டுவான், அன்றிலிருந்து இருவரும் நகமும் சதையும்தான்.

“அதோட கதை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க” என்றார் அவர். “உயிர் நண்பன் ஆனா அடுத்த அத்தியாயத்துல ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு ஒரு குழந்தையைச் சாகடிக்காம பேனாவை மூடத் தெரியாது.”

பசையம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாளோ, அது அவளுக்குத்தான் வெளிச்சம்.

இப்போது தவறு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். பெரிய தாளில் அச்சடித்து, பதினாறு பக்கமாக மடித்தால் அது ஒரு ஃபாரம். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி நூல் போட்டுத் தைத்தால் புத்தகம். ஒவ்வொரு ஃபாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது என்பது பைண்டிங்காரர்கள் பழக்கம். பக்கத்தில் ஆள் இருந்தால் ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆள் இல்லாவிட்டால் சொல்கிறவளும் இவள், திருப்பிச் சொல்கிறவளும் இவள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியமோ என்று தோன்றும். ஆனாலும் அத்தனை வருஷத்தில் ஒரு ஃபாரம் மாறினதில்லை.

அன்றைக்கு மாறியது. காரணம் அவளுடைய அக்கா.

அக்கா ஊரின் மறுகோடியில் இன்னொரு பள்ளிக்கூடத்தில் மைதானத்து ஆயா. பிள்ளைகள் விழுந்தால் தூக்கிவிட்டு மருந்து போடுகிற வேலை. லீவு நாளில் தன் பள்ளிக்கூடத்துப் புத்தகம் ஒன்றையும் தைத்துத் தரச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் அது இங்கே மேசைமேல் அவிழ்ந்து கிடந்த அதே கதை, அதே பதிப்பு. விடுதிப் பள்ளிக்கூடத்தில் சேரும் ஒரு சின்னப் பையனின் கதை. இரண்டையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பழமை பேசினார்கள். பேச்சு அம்மாவின் தையல் மிஷினில் வந்து நின்றது. அம்மா போனபின் மிஷின் தங்கையிடம் இருந்தது. அக்கா ஒரு வாரத்துக்குக் கேட்டாள். தங்கை தயங்கித் தயங்கி, அதில் புத்தக அட்டை தைத்துப் பார்த்தேன், ஊசித் தண்டு வளைந்துவிட்டது என்று உண்மையைச் சொன்னாள்.

அக்காவுக்கு மூக்கின் மேல்தான் கோபம். அம்மா கை பட்ட மிஷினில் அட்டையைக் கொடுத்தாயா என்று ஆரம்பித்து, கல்யாணத்தில் கிடைத்த சேலை வரைக்கும் இழுத்தாள். தங்கையும் சளைக்கவில்லை. கடைசியில் அக்கா மேசைமேல் கையைப் போட்டு ஓர் இழுப்பு இழுத்தாள். இரண்டு புத்தகத்து ஃபாரமும் தரையில் சிதறியது. இனிமேல் உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போய்விட்டாள்.

பசையம்மா அழுதுகொண்டே பொறுக்கினாள், அழுதுகொண்டே அடுக்கினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தைத்தாள். எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. அக்காவின் புத்தகத்தைப் பள்ளிக்கூட வேன் டிரைவரிடம் கொடுத்து அனுப்பினாள். தன் நூலகத்துப் புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பசையம்மாவுக்கு ஒரே மகள். ரொம்பக் காலம் கழித்துப் பிறந்தவள். அதே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு. உடம்பு மெலிசு, பேச்சு குத்தல்; குண்டூசி என்றுதான் வகுப்பே கூப்பிடும். அவளுடைய ஒரே தோழி சாவிக்கடைக்காரர் மகள். நல்ல உயரம், நல்ல கனம். அப்பா கடையில் வெட்டி வீணான சாவிகளையெல்லாம் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டியிருப்பாள், நடந்தால் கிணுகிணு என்று சத்தம் வரும். அவளுக்குப் பெயர் சாவிக்கொத்து. இரண்டும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. ஒரு வார்த்தை சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை.

பள்ளி திறந்ததும் அந்தப் புத்தகத்தை முதலில் எடுத்தது இந்த இரண்டும்தான். அலமாரிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு ஒன்றாகப் படித்தார்கள். நடுவில் ஒருநாள் குண்டூசி வந்து, “அம்மா, இதுல சண்டை முடிஞ்சதும் திரும்ப அதே சண்டை வருது” என்றாள். பசையம்மா வேலை மும்முரத்தில், சரி வைத்துவிட்டுப் போ, அப்புறம் பார்க்கலாம் என்றாள். அவர்களும் அதோடு மூடி வைத்துவிட்டார்கள்.

மறுநாள் இடைவேளை. மைதானத்தில் காக்காய்க் கூட்டம் மாதிரி இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றுபோனது. சத்தத்துக்கு நிமிராதவள் அந்த அமைதிக்கு நிமிர்ந்தாள். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். எந்தப் பிள்ளையும் கத்தவில்லை, எக்கிப் பார்க்கவில்லை, ஒன்றையொன்று தள்ளவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நின்றார்கள். நடுவில் குண்டூசியும் சாவிக்கொத்தும்.

குண்டூசி காலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தாள். “இந்தக் கோட்டைத் தாண்டிப் பார்” என்றாள்.

“தாண்டினால் என்ன செய்வாய்?” என்றாள் சாவிக்கொத்து.

பசையம்மா ஸ்டூலை விட்டு எழுந்தாள். வீட்டிலும் வெளியிலும் அந்தப் பிள்ளைகள் பேசுகிற பேச்சா அது? அச்சில் இருப்பதைப் பார்த்து ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. முகத்தில் கோபம் என்று ஒன்று இல்லை. தூங்குகிற பிள்ளையின் முகம். சாவிக்கொத்து கோட்டைத் தாண்டினாள், குண்டூசி தள்ளினாள், பெரியவளின் முஷ்டி சின்னவளின் இடது கண்ணுக்குக் கீழே இறங்கியது. இவள் பதறிப்போய் ஓடிப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. இருவரும் கையைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி சேர்ந்தே வகுப்புக்கு நடந்தார்கள். சாவிகள் கிணுகிணுத்தன. வட்டம் கட்டிய பிள்ளைகளைக் கேட்டால், நாங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம் என்றார்கள். பொய் சொல்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

மறுநாளும் அதே குழாயடி, அதே கோடு, அதே வார்த்தை. அதற்கு மறுநாளும். முஷ்டி விழுவதும் அச்சுப் பிசகாமல் அதே இடத்தில். கன்னிப்போன இடத்தின் மேலேயே திரும்பத் திரும்ப விழுந்ததில் குண்டூசியின் கண் பாதி மூடிக்கொண்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் இருவரையும் கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். சாவிக்கொத்து தேம்பித் தேம்பி அழுதாளே தவிர பதில் சொல்லத் தெரியவில்லை. சாவிக்கடைக்காரர் பசையம்மா வீட்டு வாசலுக்கே வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் மகளை மடியில் போட்டுக்கொண்டு ஒத்தடம் கொடுத்தபடி பசையம்மா கேட்டாள், ஏன் கண்ணு இப்படிச் செய்கிறீர்கள் என்று.

“நாங்க வேணும்னு பண்ணலம்மா” என்றாள் குண்டூசி. “சண்டை போயிட்டே இருக்கு. எங்களுக்கு முடிக்கத் தெரியல.”

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறது, இன்னும் ஓர் அடி அதே இடத்தில் பட்டால் கண் போய்விடும் என்றார். சுற்றி வளைக்கவில்லை. பசையம்மா அந்த நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடித்தால்தானே படும்? பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டால் போகிறது என்று குண்டூசியின் அப்பா சொன்னார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதுவும் இயங்கக் கூடாது என்றால் மின்சாரத்தை நிறுத்துகிற ஆள். மறுநாள் இருவரும் லீவு போட்டு மகளைக் காவல் காத்தார்கள். இடைவேளை நேரம் வந்தது. டிவி பார்த்துக்கொண்டிருந்த குண்டூசி எழுந்து சமையலறைக்குப் போனாள். தரையில் காலால் கோடு கிழித்தாள். “இந்தக் கோட்டைத் தாண்டிப் பார்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். பதில் வரவில்லை. ஆனால் பதில் வந்த மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

பசையம்மா பாய்ந்து போய் மகளின் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அடி அவள் வயிற்றில் விழுந்தது. யாருமில்லை, எதுவுமில்லை, ஆனால் விழுந்தது. மூச்சு நின்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. சாவிக்கடைக்கு ஃபோன் போட்டால், சாவிக்கொத்தும் கடைக்குள் நின்று வெறும் காற்றில் குத்துவிட்டாளாம்.

இன்றைக்கு வயிறு தாங்கியது. நாளைக்கு எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று யார் கண்டது? அப்போதுதான் அவளுக்கு மகள் சொன்னது உறைத்தது. சண்டை முடிஞ்சதும் திரும்ப அதே சண்டை வருது. அன்று மதியமே நூலகத்துக்கு ஓடினாள். புத்தகத்தை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கதை படிக்க உட்கார்ந்தாள். குழாயடி வந்தது. கோடு வந்தது. தாண்டினால் என்ன செய்வாய் என்று பெரிய பையன் கேட்டான். சின்னப் பையனின் இடது கண்ணுக்குக் கீழே அடி விழுந்தது. பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி குழாயடி, மறுபடி கோடு.

அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். ஆறு. அதற்கடுத்து மறுபடி ஆறு. அதற்கடுத்து எட்டு. ஏழு இல்லை. தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தைத்த தையல் அவளைப் பார்த்துப் பல்லிளித்தது. சமாதானத்துக்குக் கை நீட்டுகிற இடம் இந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை. அப்படியானால் அங்கே, அக்கா பள்ளிக்கூடத்தில், ஏழு இரண்டு இருக்கிறது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஊசி, நூல், பிளேடு, புத்தகம் எல்லாம் பையில். மகள் வீட்டில் அப்பா பிடியில். அப்பா தலையணையைக் கயிறு போட்டு மகள் முகத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டிருந்தார். வேறென்ன செய்வார், பாவம். இடைவேளைக்குள் தைத்து முடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அக்கா முகத்தில் எப்படி விழிப்பது என்ற கேள்வியைப் பஸ் ஜன்னலுக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டாள்.

அக்கா வாசல் கேட்டுக்குப் பக்கத்து மருந்து அறையில் இருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். தங்கையைப் பார்த்ததும் திட்டவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். மேசைமேல் பஞ்சும் களிம்பும் குவிந்து கிடந்தன. என்ன என்று கேட்கத் தேவையிருக்கவில்லை, அக்காவே கொட்டிவிட்டாள்.

நாலாம் வகுப்பு டீச்சர் அந்தக் கதையை வகுப்பில் உரக்க வாசித்துக்கொண்டு வந்தாராம். இரண்டு பையன்கள் கை குலுக்கும் இடம் இரண்டாம் தடவை வந்ததும், அச்சுப் பிழை என்று நிறுத்திவிட்டாராம். அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்தால் வகுப்புப் பிள்ளைகள் அத்தனையும் ஜோடி ஜோடியாக நிற்கிறதாம். ‘இதோ என் கை. பழையதை மறந்துவிடுவோம்’ என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்கிறதாம். அவ்வளவுதான், பிறகு விடுவதில்லை. மணி அடிக்கிற வரைக்கும் பிடி இறுகிக்கொண்டே போகிறது. விரல் நீலம் பூத்து, தோல் உரிந்து வருகிறார்கள்.

“சண்டையே போடாத பிள்ளைங்கடி” என்றாள் அக்கா. “ஒரு பொடிசு வந்து, எதை மறக்கணும்னு என்னைக் கேக்குது. நான் என்னன்னு சொல்ல?”

பசையம்மா பையிலிருந்து புத்தகத்தை எடுத்து வைத்து, ஆறு இரண்டு இருப்பதைக் காட்டினாள். மகளின் கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அக்கா அலமாரியைத் திறந்து தன் புத்தகத்தை எடுத்து மேசைமேல் போட்டாள், பஞ்சையும் களிம்பையும் ஒரே தள்ளாகத் தள்ளி இடம் பண்ணினாள்.

இரண்டு புத்தகத்து நூலையும் அறுத்தார்கள். தங்கைக்கு ஊசியில் நூல் ஏறவில்லை. அக்கா பிடுங்கி, எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்தாள். பிறகு தானாகவே ஃபாரத்தை எடுத்து, அடியில் இருக்கும் எண்ணைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துச் சொன்னாள்.

“அஞ்சு.”

“அஞ்சு” என்றாள் தங்கை.

“ஆறு.”

“ஆறு.”

“ஏழு.”

“ஏழு” என்று சொல்லும்போது பசையம்மாவின் கண்ணீர் தாளில் விழுந்தது. அக்கா முந்தானையால் அதை ஒற்றி எடுத்தாள். இரண்டாவது புத்தகத்தின் கடைசி முடிச்சைப் போடுவதற்கும் இடைவேளை மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. பிள்ளைகள் இரைந்துகொண்டு மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். இருவரும் வாசலில் போய் நின்றார்கள். நாலாம் வகுப்பு ஜோடி ஜோடியாக நின்றது. தள்ளிக்கொண்டது, கையைப் பிடித்தது, குலுக்கியது, விட்டுவிட்டது. பிறகு பந்துக்கு ஓடியது. அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஃபோன் அடித்தது. வீட்டுக்காரர். குண்டூசி சுவரைப் பார்த்துத் தள்ளுவதற்குக் கையை ஓங்கினாளாம். நடுவிலேயே கை இறங்கியதாம். உள்ளங்கையை விரித்து நீட்டி, பழையதை மறந்துவிடுவோம் என்றாளாம். பிறகு, தலையணையை அவிழ்த்துவிடுங்கள், பசிக்கிறது என்றாளாம். அந்த மனிதர் ஃபோனிலேயே அழுதார்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தடவை ஏமாந்தவள் ஆயிற்றே, வரிசையைச் சரி பார்க்கலாம் என்று எட்டாம் ஃபாரத்தைப் புரட்டினாள். படிக்கப் பழகாத கண் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தது. இரண்டு பையன்களும் உயிர் நண்பர்கள் ஆகியிருந்தார்கள். மழையில் நனைந்தார்கள். அடுத்த பக்கத்தில் சின்னவன் படுக்கையில் இருந்தான். நெற்றியில் ஈரத் துணி. ஜன்னல் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். பெரியவனை அறைக்குள் விடவில்லை. லைப்ரரி சாரின் டீயும் சிரிப்பும் அவள் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குத் தானே ஃபோன் போட்டாள். பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டாள்.

“சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கா” என்றார் அவர். “நெத்தி லேசா சுடுது. அலைச்சல்தான், வேற ஒண்ணுமில்ல.”

பசையம்மா ஃபோனை வைக்கவில்லை, அப்படியே நழுவவிட்டாள். பிளேடை எடுத்தாள். அச்சாபீசில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தாளைக்கூட வேண்டுமென்று விட்டுத் தைத்தவள் இல்லை. தாள் குறைந்தால் அது புத்தகமே இல்லை என்று சொல்லிக்கொடுத்து வளர்த்த கை. அந்தக் கை ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே நூலை ஒரே வெட்டாக வெட்டியது. அக்காவின் புத்தகத்தையும் இழுத்து அதே இடத்தில் வெட்டியது. அக்கா எதற்கு என்று கேட்கவில்லை. திறந்து கிடந்த பக்கத்தை அவளும் படித்துவிட்டிருந்தாள். அவளுக்குக் காப்பாற்ற ஒரு வகுப்பே இருக்கிறதே.

எரித்துவிடலாம் என்றாள் அக்கா. எரித்தால் அது முடிந்த மாதிரி ஆகிவிட்டால் என்ன செய்வது என்றாள் தங்கை. மூடி வைத்தால் போதும், யாரும் திறக்காத மாதிரி. ஆளுக்கு ஒரு கட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அது நடந்து இப்போது நாளாகிவிட்டது. குண்டூசியின் கண் தெளிந்துவிட்டது. சாவிக்கொத்தோடு மறுபடி அதே பெஞ்சு, அதே டிபன் டப்பா. அம்மாவின் மிஷினுக்குப் புதுத் தண்டு போட்டு அக்கா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. அவள் ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு, இடத்தை அடைக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். இப்படியே மிஷின் இரண்டு வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. மன்னிப்பு என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

பழைய அட்டை பழைய கனத்துக்குச் செய்தது. பக்கம் குறைந்ததில் அது தொளதொளத்தது. அதனால் பசையம்மா ஏழுக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்துத் தைத்துவிட்டாள். ஒருநாள் இரண்டு தோழிகளும் அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்து, அலமாரிக்குப் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குண்டூசி தலையை நீட்டினாள்.

“அம்மா, அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்புறம் ஒண்ணும் ஆகல. அவ்வளவுதான் கதை.”

“இவ்வளவு தாள் இருக்கு, இதுல ஒண்ணுமே இல்லையே.”

“அதான் நல்லது” என்றாள் பசையம்மா. வந்து மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு வந்த அந்த லேசான சூடு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, சில உடம்பு வாகு அப்படி என்று சொல்லிவிட்டார். இவள் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

எட்டாம் ஃபாரமும் அதற்குப் பிந்தியதும் அவள் மேசைமேல்தான் இருக்கின்றன, திருகுப் பலகைக்கு நடுவே. வேறு புத்தகங்களை இப்போது கல் வைத்துத்தான் அழுத்துகிறாள். சாயங்காலம் போகும்போது திருகைப் பல்லைக் கடித்து இறுக்கிவிட்டுப் போவாள். காலையில் வந்து தொட்டுப் பார்த்தால் அது சற்றே தளர்ந்திருக்கும். மரம்தானே, சுருங்கும் என்கிறார் லைப்ரரி சார். அவள் மறுபடி இறுக்குவாள்.

இடைவேளை மணி அடித்து, மைதானம் இரையத் தொடங்கியதும் ஃபோன் வரும். மறுமுனையில் அக்கா. தன் பங்குத் தாள்கட்டை மருந்து அறையின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து, அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டுதான் பேசுவாள்.

“இறுக்கமா இருக்காடி?”

“இருக்குக்கா.”

“பிள்ளை?”

பசையம்மா ஒரு கையால் திருகைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்புவாள். சாவிகள் கிணுகிணுக்கும்.

“விளையாடுறா” என்பாள்.